புறாமலையில் பறவை பார்ப்பது: போட் ஓடும் காலம் ஒன்று, பறவை வரும் காலம் வேறொன்று

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைத் தீவுக்குப் போட் எடுக்கிற அநேகம் பேர் அங்கே போய் மேலே பார்ப்பதே இல்லை. குறையாக இதைச் சொல்லவில்லை. அந்தத் தீவின் பெருமையில் பெரும்பங்கு தண்ணீருக்குள்தான் கிடக்கிறது: பவளப்பாறை, கறுப்புநுனிச் சுறாக்கள், அதிர்ஷ்டம் இருந்தால் ஓர் ஆமை. முகமூடியைப் போட்டுத் தலையை உள்ளே விட்டால் திரும்ப வெளியே எடுப்பது சோற்றுப் பார்சல் பிரிக்கிற நேரத்தில்தான். தீவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த புறா மேலே பாறை இடுக்கில் அதன்பாட்டில் இருக்கிறது, கேட்பார் இல்லை.

பறவை பார்க்கவென்றே பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறவருக்கும் முதல் ஒரு மணி நேரம் சப்பென்றுதான் இருக்கும். காகம், அப்புறம் இன்னும் காகம். மேலே ஒரு செம்பருந்து. பாறை நுனியில் கொக்கு, தூரத்தில் ஆலா இரண்டு. புறா எங்கே தம்பி என்று போட்காரரிடம் கேட்டால் மேட்டுப் பக்கம் கையைக் காட்டிவிட்டு எஞ்சினைப் பார்க்கப் போய்விடுவார். இதற்குக் கும்புறுப்பிட்டிப் பக்கம் வயலோரத்தில் நின்றிருந்தால் இதைவிடப் பல மடங்கு பார்த்திருக்கலாமே என்று தோன்றும். பார்த்திருக்கலாம்தான். இருந்தாலும் இந்தத் துண்டுத் தீவுக்குப் பறவைக் கணக்கில் ஒரு தனி இடம் இருக்கிறது. அது என்ன இடம், ஏன் நம்மிடம் உள்ள கணக்கு எப்போதும் பாதிக் கணக்காகவே நிற்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் அளவு. புறாமலை என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு தீவுகள். சின்னது வெறும் பாறைக் கூட்டம். பெரியது சுமார் 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 45 மீட்டர். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவு தூரம், போட்டில் பத்துப் பதினைந்து நிமிடம். 1963இல் சரணாலயம் ஆனது, திருகோணமலைத் துறைமுகத்துக்குள் இருக்கிற சோபர் தீவுகளும் அதே ஆண்டில்தான் சரணாலயம் ஆயின. போர்நிறுத்தக் காலத்தில், 2003இல், புறாமலை தேசியப் பூங்காவானது. பூங்காவின் மொத்தப் பரப்பு 471 ஹெக்டேர். அதில் பெரிய தீவு இரண்டு ஹெக்டேர் கூடத் தேறாது. நூற்றுக்கு தொண்ணூற்றொன்பது பங்கு கடல். ஆக, சட்டப்படி இது பறவையின் பெயர் வைத்த ஒரு கடல் பூங்கா, பராமரிப்பும் கவனமும் பவளத்தின் பக்கம் சாய்ந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டு ஹெக்டேர் தரையில் ஏன் பறவை குறைவு? 1967இல் மக்கார்தர், வில்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தீவு உயிரினங்களைப் பற்றி ஒரு கோட்பாடு சொன்னார்கள், இன்றுவரை சூழலியல் படிக்கிறவர்கள் அதில்தான் தொடங்குகிறார்கள். தீவு சின்னதாகச் சின்னதாக இனங்கள் குறையும், பெருநிலத்திலிருந்து தூரமாகத் தூரமாகவும் குறையும் என்பது அதன் சாரம். புறாமலைக்குத் தூரம் ஒரு தடையே இல்லை, ஒரு கிலோமீட்டரைச் சிட்டுக்குருவி கூடத் தாண்டும். இடிப்பது அளவு. இவ்வளவு சின்ன இடத்தில் நிலையான நன்னீர் நிற்காது, நெல்லோ புல்விதையோ ஒரு கூட்டத்துக்குப் போதுமான அளவு விளையாது, பற்றையும் சில மரங்களும் தவிர ஒதுங்க இடமும் இல்லை. பூச்சி தின்கிற குருவி ஒரு சோடி வந்து குடியேறினாலும் ஒரு கடும் வறட்சியில் அந்தக் குடும்பம் முடிந்துவிடும். திருகோணமலைக்கு ஆண்டில் விழுகிற சுமார் 1,600 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது, மிச்ச மாதங்கள் அனேகமாக வறட்சிதான்.

இதையெல்லாம் மீறி அங்கே நிற்கிறது புறா. எப்படியென்றால் அது தீவை நம்பி வாழவில்லை. மாடப்புறா தானியம் தின்னி. காய்ந்த விதையைத் தின்கிற பறவைக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். தீவில் இரண்டும் கிடையாது. அதனால் விடிந்ததும் கரைக்குப் பறந்து, வயலிலும் தரவையிலும் மேய்ந்து, குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறது. புறாவுக்கு நிலாவெளி சாப்பாட்டுக் கடை, புறாமலை படுக்கையறை. பாறை இடுக்கில் நரியோ கீரியோ பூனையோ ஏறி வராது என்ற ஒரே காரணத்துக்காகத் தினமும் இந்தக் கடலை அது தாண்டுகிறது. இரண்டு வெள்ளை முட்டை, பதினேழு பதினெட்டு நாள் அடை. பகலில் நடுநேரம் ஆண் உட்காரும், மிச்ச நேரமும் இரவு முழுக்கவும் பெண். குஞ்சுக்கு முதல் சில நாள் கொடுப்பது தானியமும் இல்லை பூச்சியும் இல்லை, தாய் தந்தை இரண்டின் தொண்டைப் பையிலும் சுரக்கிற ஒருவிதப் பால். இந்த ஒரு வசதியால்தான் புறாவால் பூச்சிக் காலம், பழக் காலம் பார்க்காமல் ஆண்டில் பல தடவை குஞ்சு பொரிக்க முடிகிறது.

சரி, புறா எங்கும்தான் இருக்கிறது, சந்தைக் கூரையிலும் கோயில் மண்டபத்திலும் இருக்கிறதே, இதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். விசேஷம் அங்கேதான். ஊருக்குள் பார்க்கிற புறாக்கள் வளர்ப்புப் புறாவின் பரம்பரை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மனிதன் பிடித்து வளர்த்து, நிறம் மாற்றி, பந்தயம் விட்டு, கறிக்கும் வைத்து, பிறகு கைவிட்டுத் தப்பிப்போன கூட்டம். அவற்றின் மூதாதை காட்டு மாடப்புறா, பாறையிலும் கடற்குன்றிலும் கூடு கட்டுகிற பறவை. இலங்கையில் அந்த அசல் காட்டுப் புறாவைத் தேடினால் போகக்கூடிய இடங்கள் மிகக் குறைவு, அவற்றுள் பேர்போனது புறாமலை.

அசலை எப்படி அடையாளம் காண்பது? உடம்பு முழுக்க ஒரே சாம்பல் நிறம். கழுத்தில் பச்சையும் ஊதாவும் கலந்த மினுக்கம். மடக்கிய சிறகில் தெளிவான இரண்டு கறுப்புப் பட்டை, வால் நுனியில் கறுப்பு. ஐரோப்பியப் படங்களில் இடுப்பு வெள்ளையாகத் தெரியும், இந்தியா இலங்கைப் பக்கத்து வகையில் அது சாம்பல்தான், அதனால் வெளிநாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வெள்ளை இடுப்பைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. அலகு மெல்லியது, அலகின் அடியில் இருக்கும் வெள்ளைத் தசை சின்னது. சிறகில் சதுரம் சதுரமாகப் புள்ளி, உடம்பில் வெள்ளைத் திட்டு, மண்ணிறம், முழுக் கறுப்பு இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் அந்தக் கூட்டத்தில் வளர்ப்பு இரத்தம் கலந்திருக்கிறது என்று பொருள். மறுபக்கம், இந்த அடையாளங்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் அசல்தான் என்று சத்தியம் பண்ண முடியாது, ஊர்ப் புறாவிலும் இதே உடுப்போடு எத்தனையோ உண்டு. ஒரு பறவையைப் பார்த்து முடிவு சொல்லாமல் கூட்டத்தையே பார்க்க வேண்டும்: முப்பது பறவை ஒன்றாகப் பறக்கும்போது முப்பதும் ஒரே மாதிரி இருக்கிறதா, இடையில் ஒரு வெள்ளை, ஒரு புள்ளிச் சிறகு தெரிகிறதா?

இந்தக் கலப்பு உலகம் முழுக்க நடக்கிற ஒன்று. ஸ்கொட்லாந்தின் மேற்கே வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் உள்ள காட்டுப் புறாக்களின் மரபணுவை ஆராய்ந்து 2022இல் ஒரு கட்டுரை வந்தது, அங்கே வளர்ப்புப் புறாவின் கலப்பு மிகக் குறைவு என்று கண்டார்கள். காரணம் விளங்குவது கடினமில்லை, அவை நகரங்களிலிருந்து தள்ளிக் கடலுக்குள் கிடக்கிற தீவுகள். புறாமலைக்கும் அதே பாதுகாப்பு உண்டென்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒரு கிலோமீட்டர் கடல் புறாவுக்கு ஒன்றுமே இல்லை. தீவுப் புறா தினமும் கரைக்கு வந்து மேய்கிறது, அதே வயலில் ஊர்ப் புறாவும் மேய்கிறது, பின்னேரம் கூட்டமாக எழும்பும்போது யார் யாரோடு போகிறார்கள் என்று யாரும் தடுப்பதற்கில்லை. நரியைத் தடுக்கிற கடல் சொந்தக்காரனைத் தடுக்காது. நான் இதை எழுதுவதற்கான முக்கியக் காரணம் இதுதான்: தீவு என்றதும் தனிமை என்று நினைத்துவிடுகிறோம், புறாமலையின் தனிமை தூரத்தால் வந்ததில்லை.

உண்மையிலேயே தனித்துக் கிடக்கிற தீவுகளில் கதை வேறு. பறவை ஆட்கள் அப்படிப்பட்ட இடங்களுக்கு உயிரைக் கொடுத்துப் போவதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, கடற்பறவைக் குடியிருப்பு. லட்சத்தீவில் பிட்டி என்று ஒரு மணல் திட்டு, ஒரு ஹெக்டேரைக் கொஞ்சம் தாண்டும், ஆட்கள் இல்லை, மரமும் இல்லை, கடல் ஆலாக்கள் தரையிலேயே முட்டையிடுகின்றன. நம் பக்கத்தில் அதற்கு ஈடு சொல்வதானால் மன்னாருக்கு அப்பால் இராமர் அணை மணல் திட்டுகள்தான், பல வகை ஆலாக்கள் அங்கே கூடு வைக்கின்றன, 2015இல் அதுவும் தேசியப் பூங்காவானது. இரண்டாவது காரணம் வழிதவறி வருகிற பறவைகள். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஃபெயார் என்ற தீவு, நீளம் ஐந்து கிலோமீட்டர், 1948 முதல் அங்கே ஒரு பறவை அவதான நிலையம், இதுவரை அந்தச் சின்னத் தீவில் பதிவான இனங்கள் 350க்கும் மேல். அங்கே வாழ்கிறவை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் காற்றில் அடிபட்டு, களைத்து, கண்ணில் பட்ட முதல் தரையில் விழுந்தவை.

நமக்கும் அப்படி விழுகிற பறவைகள் உண்டு. ஆறுமணிக்குருவியைத் தெரியாதவர் இந்தப் பக்கம் குறைவு. இமயமலை அடிவாரக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு புரட்டாதி ஐப்பசியில் இலங்கைக்கு வருகிறது, இரவில்தான் பறக்கும். களைத்து வந்து வெளிச்சத்தில் மயங்கி வீட்டு விறாந்தையில், குளியலறையில், சில நேரம் பள்ளிக்கூட வகுப்பறையில் விழுந்து கிடக்கும். பச்சை முதுகு, சிறகில் ஒரு நீலத் துண்டு, வாலுக்கு அடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு. கையில் எடுத்தால் இவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு இவ்வளவு கனமில்லாமல் இருக்கிறதே என்றிருக்கும். ஒரு காட்போட் பெட்டியில் துளை போட்டு, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு விடிந்ததும் பற்றைப் பக்கம் திறந்துவிட்டால் போதும், அநேகமாகப் பறந்துவிடும். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்ச் செத்துவிடும்.

இந்தக் குருவி வீட்டுக்குள் விழுகிறது என்றால், கரைக்கு முன்னால் கிடக்கிற புறாமலையில் அதே இரவுகளில் என்னென்ன இறங்குகின்றன? இங்கேதான் பாதிக் கணக்கு என்று முன்னால் சொன்ன விஷயம் வருகிறது.

கிழக்குக் கரையின் ஆண்டு இரண்டு காற்றில் ஓடுகிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற காலத்தில், ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை, காற்று தரையிலிருந்து கடலை நோக்கிப் போகிறது. கரையோரம் அலை எழும்ப இடமில்லை, கடல் குளம் மாதிரிக் கிடக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், போட் ஓடும், உல்லாசப் பயணிகள் வருவார்கள். ஐப்பசி பிந்தி வாடை எழும்பினால் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி நேரே அடிக்கிறது, அதோடு மழை. ஜனவரி தாண்டும்வரை போட்களைக் கரையில் ஏற்றி வைத்துவிடுவார்கள். பறவையின் நாட்காட்டி இதற்கு நேர் எதிர். மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருகிற வலசைப் பறவைகள் ஓகஸ்ட் கடைசியில் தலைகாட்டத் தொடங்கி, ஒக்டோபரில் குவிந்து, மார்ச் ஏப்ரலில் திரும்பிவிடுகின்றன. இலங்கை அந்தப் பாதையின் கடைசி நிறுத்தம், தெற்கே அண்டார்ட்டிக்கா வரை தரை என்று சொல்ல ஒன்றுமில்லை. மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பூட்டிவிட்ட கடற்காகங்கள் ஆர்க்டிக் கரை வரை போனதைக் கொழும்புப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

ஆக, நாம் தீவில் நிற்கிற மாதங்களில் வலசைப் பறவை சைபீரியாவில். வலசைப் பறவை தீவில் நிற்கிற மாதங்களில் நாம் கரையில் குடையோடு. புறாமலைப் பறவைப் பட்டியல் என்று எங்கே எதைப் பார்த்தாலும் அது பெரும்பாலும் போட் ஓடுகிற மாதங்களின் பட்டியல் என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். ஒரு பறவை பட்டியலில் இல்லை என்றால் வரவில்லை என்று பொருளாகாது. பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். பூங்கா பகலில் மட்டும் திறந்திருப்பதும், இரவு தங்க அனுமதி இல்லாததும் இதோடு சேர்கின்றன. புறா தீவை விட்டுக் கிளம்புவது விடியலில், வந்து சேர்வது பின்னேரம், பயணிகள் அங்கே நிற்பது நடுவில். பாறை காலியாகத் தெரிந்து, புறாமலையில் புறாவே இல்லையாம் என்று திரும்பி வந்து சொல்கிறவர்களுக்கு இது பாதி விளக்கம்.

மறுபாதி விளக்கம் நாமேதான். நூறு மீட்டர் அகலத் தீவின் நடுவில் நின்றால் இரண்டு பக்கக் கரையும் ஐம்பது மீட்டருக்கு மேல் தூரமில்லை. பல கரைப் பறவைகள் மனிதன் அந்த அளவுக்குக் கிட்ட வந்தாலே எழும்பிப் போய்விடும். வயலோரத்தில் எழும்பின கொக்கு அடுத்த வரம்பில் போய் உட்கார்ந்துவிடும், இங்கே அடுத்த வரம்பு என்பது கடல். மேட்டுப் பாறை மறைப்பதால்தான் கொஞ்சமாவது தாக்குப்பிடிக்கிறது. கல்லில் ஏறி நின்று படம் எடுக்கப் போகிறவர் அந்த ஒரே மறைப்பையும் எடுத்துவிடுகிறார். அடைகாக்கிற புறா எழும்பிவிட்டால் முட்டை வெயிலில் காயும், அதைவிட மோசமாகக் காகம் வரும்.

காகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு ஹெக்டேர் பாறைத் தீவில் ஒரு காகக் கூட்டம் பிழைக்க வழியே இல்லை. அதற்குச் சாப்பாடு கொண்டுபோவது நாம். பணிஸ் துண்டு, பார்சல் சோறு, கோழி எலும்பு. கடற்கரையில் குப்பை போடுவது அசிங்கம் என்ற அளவில்தான் இதைப் பேசுகிறோம், பறவைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு பார்சல் மிச்சமும் முட்டை திருடனுக்குக் கொடுக்கிற சம்பளம். மிச்சத்தைக் கட்டித் திரும்பக் கொண்டுவருவதற்கு ஒரு சொப்பிங் பேக்கே போதும், அதற்குமேல் இதில் தத்துவம் ஒன்றும் இல்லை.

பழைய கதையும் கொஞ்சம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தத் தீவைக் குறி பார்த்துச் சுடப் பழகுகிற இடமாகப் பயன்படுத்தினார்கள். அதே பிரித்தானியப் படையில் பீரங்கிப் பிரிவு அதிகாரியாக 1868 முதல் 1877 வரை இலங்கையில் இருந்த வின்சென்ட் லெக் திருகோணமலையிலும் கடமை பார்த்தார், இலங்கைப் பறவைகளைப் பற்றிய முதல் பெரிய நூலை எழுதினவர் அவர்தான். ஆக, ஒரு காலத்தில் நாட்டின் பறவை அறிவில் நல்ல பங்கு இந்த ஊர்க் காட்டிலும் களப்பிலும் சேகரித்தது. பிறகு வந்த போர்க்காலத்தில் இங்கே பைனாகுலரோடு கடற்கரையில் நிற்பது என்ன அர்த்தம் கொடுக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பறவை பார்க்கிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மீன்பிடிக்கே பாஸ் எடுத்துப் போன கடல். கொழும்பிலும் கண்டியிலும் ஆட்கள் குறிப்பேடு நிரப்பிக்கொண்டிருந்த ஆண்டுகளில் நம் கரையின் குறிப்பேட்டில் நிறையப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. 2009க்குப் பிறகு எல்லாரும் வந்தார்கள், ஆனால் சுறா பார்க்க வந்தார்கள். வெளிநாட்டுப் பறவை ஆட்கள் தேடி வருவது இலங்கைக்கே உரிய முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களை, அதற்குச் சிங்கராசா போன்ற ஈரக்காடுகள்தான் இடம், கிழக்குக்கு வர அவர்களுக்குக் காரணம் குறைவு. எனக்கு இதில் ஒரு நல்லதும் தெரிகிறது: இங்கே கண்டுபிடிக்க மிச்சம் இருக்கிறது, அதைச் செய்யக்கூடியவர்கள் ஊரிலேயே இருக்கிறவர்கள்.

எப்படிப் பார்ப்பது என்று இப்போது சொல்லலாம். தீவுக்குப் போவதானால் நடு ஓகஸ்டை விடப் போட் பருவத்தின் விளிம்புகள் நல்லவை. செப்டெம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் நடு வரை கடல் இன்னும் இடம் கொடுக்கும், வலசைப் பறவை வரத் தொடங்கியிருக்கும். அதேபோல மார்ச் கடைசி, ஏப்ரல் முதல்: கடல் ஆறியிருக்கும், போகிற பறவைகள் இன்னும் மிச்சம் இருக்கும். இந்த இரண்டு இடைவெளியில்தான் இரண்டு நாட்காட்டியும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. முதல் போட்டில் போங்கள். இறங்கியதும் நடக்காமல் கரையிலேயே உட்காருங்கள், மேட்டை நோக்கி. பாறையோரம் வால் ஆட்டிக்கொண்டே ஓடுகிற உள்ளான், கல்லைப் புரட்டிப் பார்க்கிற கல்திருப்பி, இவையெல்லாம் அசையாமல் இருக்கிறவனுக்குத்தான் கிட்ட வரும்.

போகாமலும் பார்க்கலாம், நான் அதைத்தான் கூடுதலாக நம்புகிறேன். நிலாவெளிக் கரை கிழக்கைப் பார்க்கிறது. வெள்ளாப்பில் தீவுக்குப் பின்னாலிருந்து சூரியன் எழும்புவதால் கரையை நோக்கி வருகிற புறாக்கூட்டம் வெறும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும், ஆனால் எண்ணுவதற்கு அதுவே வசதி, தாழப் பறந்து வேகமாக வரும். நிறம் பார்க்கப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வர வேண்டும். வெளிச்சம் நம் முதுகுப் பக்கமிருந்து தீவின்மேல் விழும், திரும்பிப் போகிற கூட்டத்தில் யார் சாம்பல், யார் கலப்பு என்று ஒரு நல்ல 8x42 பைனாகுலரில் தெரியும். அந்த நேரம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் கூடுதல் லாபம். வலையின் மடி கரையை நெருங்க நெருங்கச் செம்பருந்துகள் வட்டம் போடத் தொடங்கும், கழித்துப் போடுகிற பொடிமீனுக்கு வெள்ளைக் கொக்குகள் ஆட்களின் காலுக்குள்ளேயே நிற்கும். அவற்றுக்கெல்லாம் மேலே, அவசரமில்லாமல், வெண்வயிற்றுக் கடற்கழுகு. அது வந்தால் காகங்கள் எழும்பித் துரத்தும், அது திரும்பியும் பார்க்காது. கடற்பாம்பைக் கூடத் தூக்கிக்கொண்டு போகும் பறவை அது.

வாடைக் காலத்தில் தீவை மறந்துவிட்டுக் கரைக்கு உள்ளே திரும்புங்கள். இறக்கக்கண்டிப் பாலத்தில் நின்றாலே பாதி வேலை முடிந்தது. அதற்கு அங்கால் சின்னக்கரைச்சி, பெரியகரைச்சி, உப்பளங்கள், இன்னும் வடக்கே 1951 முதல் சரணாலயமாக இருக்கிற கொக்கிளாய். ஊசிவால் வாத்துகளும் உள்ளான் கூட்டங்களும், சில ஆண்டுகளில் பூநாரையும். உப்புத்தரையில் ஓடித்திரிகிற சின்ன உப்புக்கொத்திகளையும் கவனமாகப் பாருங்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் குஞ்சு பொரிக்கிற ஒரு வகையை நீண்ட காலம் வேறொன்றின் கிளை என்று நினைத்திருந்து, 2023இல் தனி இனம் என்று பிரித்து, அனுமன் பெயர் வைத்தார்கள். இத்தனை காலம் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த பறவைதான் அது.

திருகோணமலை நகர்ப் பக்கம், குறிப்பாகத் துறைமுகத்தையும் முகாம்களையும் பார்த்தபடி பைனாகுலரைத் தூக்குவதற்கு முன் அங்கே நிற்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது, இன்றைக்கும். பார்த்ததை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் போடுகிறவராக இருந்தால் புறாமலைப் புறாவை வெறும் எண்ணிக்கையாகப் போட வேண்டாம். கூட்டத்தில் எத்தனை, அதில் இரண்டு பட்டையுடன் முழுச் சாம்பல் எத்தனை, புள்ளிச் சிறகும் வெள்ளையும் எத்தனை, தீவிலிருந்து வந்ததா தீவுக்குப் போனதா, நேரம் என்ன என்று குறிப்பில் எழுதுங்கள். நவம்பர், டிசம்பரில் கரையில் நின்று எழுதினதென்றால் இன்னும் விசேஷம், அந்த மாதங்களுக்கு எழுதிவைத்தவர் குறைவு.